காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

வாங்கிய மூன்றாவது வாரமே அப்பாவின் காது மெஷின் பீரோவுக்குள் போய்விட்டது. "குய்ங்னு கத்துது, பேச்சு ஒண்ணும் கேக்கல" என்றார். அவ்வளவு பணம் போட்டு வாங்கியது வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம். அவருக்கோ, தன் காது இனி அவ்வளவுதான் என்ற நினைப்பு. எடுத்துக்கொண்டு, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து மெஷினைப் பொருத்தித் தரும் ஆடியோலஜிஸ்டிடம் போனோம். அவர் மெஷினைத் தொடவே இல்லை. அப்பாவின் காதில் இருந்த மோல்டின், அதாவது காதுக்குள் சொருகும் பாகத்தின், மேல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒரு அழுத்து அழுத்தி, மடலின் மடிப்புக்குள் சொருகினார். கத்தல் நின்றது. "இப்ப பேசுங்க" என்றார்.

ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே நின்ற மோல்டுதான் அத்தனைக்கும் காரணம். அதை முதல் நாளே யாராவது பொறுமையாகக் காட்டியிருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிருக்காது. பீரோவில் தூங்கும் மெஷின்களில் பல, கெட்டுப்போனவை அல்ல. அதனால் அன்றிலிருந்து நாங்கள் பழகிய ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

காதுக்குப் பின்னால் உட்காரும் வளைந்த பெட்டிதான் மெஷின். அதன் மேல்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவைதான் மைக். பெட்டியின் நுனியில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு பாகம். அதில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப், ட்யூபின் மறுமுனையில் உங்கள் காதுக்கென்று அளவெடுத்துச் செய்த மோல்டு. மைக் வாங்கும் ஒலியை மெஷின் பெரிதாக்கி, கொக்கி, ட்யூப், மோல்டு வழியாகக் காதுக்குள் அனுப்புகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்போ விரிசலோ வந்தாலும் ஒலி போய்ச் சேராது. பாதி ரிப்பேர் இதைப் புரிந்துகொள்வதிலேயே முடிந்துவிடும்.

இரண்டு காதுக்கும் மெஷின் இருந்தால் சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. எல்லா கம்பெனிகளுக்கும் இது பொது.

ரெடிமேடாக வரும் ரப்பர் நுனியை மாட்டிக்கொண்டு சமாளிப்பவர்கள் உண்டு. கேட்கும் குறைபாடு கொஞ்சம் அதிகமாக இருந்தால் அது போதாது. கத்தும், கழன்றும் விழும். காதில் மாவு போன்ற ஒன்றை வைத்து அச்செடுத்து மோல்டு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மெஷினில் ஒரு வசதி குறைந்தாலும் பரவாயில்லை, மோல்டில் மட்டும் குறை வைக்கக் கூடாது.

பேட்டரி

காது மெஷினுக்கான பேட்டரியின் முதுகில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அளவை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்: 13 ஆரஞ்சு, 675 நீலம், 312 பழுப்பு, 10 மஞ்சள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்களில் 13ஐ அதிகம் பார்க்கலாம். சக்தி கூடியவற்றில் 675. கடையில் நிறத்தோடு எண்ணையும் சேர்த்துச் சொல்லி வாங்குங்கள், பாக்கெட்டில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இது துத்தநாக-காற்று பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் அடியில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் இது வேலை செய்யத் தொடங்கும். அதனால் உரித்த உடனே சொருக வேண்டாம். மேசை மேல் வைத்து ஒரு நிமிடமாவது விட்டு, அப்புறம் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி பழைய நிலைக்குப் போகாது; தேவைப்படும் அன்றுதான் உரிக்க வேண்டும்.

கூட்டல் குறி போட்ட தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி பேட்டரிக் கதவுக்குள் வைத்து மூடுங்கள். கதவு மூடவில்லை என்றால் பேட்டரி தலைகீழாக இருக்கிறது. அழுத்தி மூடினால் கதவு ஒடிந்துவிடும். எடுத்துத் திருப்பிப் போடுங்கள்.

இந்த வகை பேட்டரி டார்ச் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. கடைசிவரை ஒரே சீராக ஓடிவிட்டு, சட்டென்று தீர்ந்துவிடும். பல மெஷின்கள் தீரும் முன் பீப் சத்தம் தரும். வெளியே கிளம்பும்போது ஒரு பேட்டரி கையில் இருக்கட்டும், ஆனால் சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் போடாதீர்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேட்டரியை எட்டாத உயரத்தில் வையுங்கள். பழசானதும் அப்படித்தான். குழந்தை விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் காத்திருக்கக் கூடாது.

சார்ஜ் போடும் வகை வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தினமும் இரவில், வியர்வையைத் துடைத்துவிட்டு சார்ஜரில் வைத்தால் சரி.

மாட்டுவது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யுங்கள். கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்க மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளலாம்.

மெஷினை ஆஃப் செய்துகொள்ளுங்கள். பேட்டரிக் கதவைத் திறந்துவைத்தாலே பெரும்பாலும் ஆஃப்தான். ஆன் செய்து மாட்டினால் கையில் இருக்கும்போதே கத்தும்.

வலது காது என்றால் வலது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மோல்டைப் பிடியுங்கள். காது ஓட்டைக்குள் போகும் நீண்ட மூக்கு உள்பக்கம் பார்க்க வேண்டும். இடது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, வலது காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். ஓட்டை நேராகும். இப்போது மூக்கை உள்ளே விடுங்கள். மோல்டை முகப்பக்கம் சற்றுச் சாய்த்து நுழைத்து, உள்ளே போனதும் பின்பக்கமாகத் திருப்பினால் அது தன் இடத்தில் போய் அமரும். அப்புறம், அப்பா தவறவிட்ட அந்த இடம்: மோல்டின் மேல் நுனியைத் தேடித் தடவி, காது மடலின் மேல் மடிப்புக்குள் தள்ளுங்கள். கண்ணாடியில் பார்த்தால் மோல்டு மடலோடு சமமாக இருக்க வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

ட்யூப் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, மெஷினைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்து, கதவை மூடி ஆன் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் மெஷினைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பிறகு மோல்டைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ட்யூபைப் பிடித்து இழுத்தால் ஒருநாள் ட்யூப் மட்டும்தான் கையோடு வரும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் மெஷினை மாட்டிய பிறகு கண்ணாடியை மாட்டுங்கள், கழற்றும்போது கண்ணாடியை முதலில் எடுங்கள். முகக்கவசம், ஹெல்மெட் இரண்டிலும் கவனம் வேண்டும். கவசத்தின் நாடாவோடு மெஷினும் கழன்று தெருவில் விழுந்த கதைகள் கொரோனா காலத்தில் நிறையக் கேட்டோம்.

கத்தினால்

விசில் சத்தம் என்பது மோல்டின் ஓரத்தில் கசிந்த ஒலி திரும்பவும் மைக்குக்குள் போய்ச் சுற்றுவது. கையைக் காதருகே கொண்டுபோனாலோ, தலையணையில் சாய்ந்தாலோ ஒரு கணம் கத்துவது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கத்தினால் மோல்டைச் சரியாக உட்கார வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ட்யூபில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். காதில் குரும்பி அடைத்திருந்தாலும் கத்தும். அதை டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள், பட்ஸ் விட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளே போகும். வருடங்கள் ஆனாலோ உடம்பு மெலிந்தாலோ மோல்டு தளர்ந்துவிடும், புதிதாக அச்செடுக்க வேண்டியதுதான்.

கத்துகிறதே என்று வால்யூமைக் குறைத்துவைப்பது மட்டும் தீர்வு இல்லை. கத்தல் நிற்கும், கேட்பதும் போய்விடும்.

போன் பேச

பழக்கத்தில் எல்லோரும் போனைக் காது ஓட்டையில் வைக்கிறார்கள். அங்கே மோல்டு அடைத்திருக்கிறது. மைக் இருப்பது காதுக்கு மேலே! போனின் ஸ்பீக்கர் பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்தி, மெஷினுக்கு அருகில் வையுங்கள். ஒட்டி அழுத்தாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கத்தாது. அப்பா இதைப் பிடித்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அத்தையோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சில மெஷின்களில் எம், டி, ஓ என்று சுவிட்ச் இருக்கும்: எம் சாதாரணப் பேச்சுக்கு, டி அதற்கு ஏற்ற டெலிபோன்களுக்கு, ஓ ஆஃப். தெரியாமல் டி-யில் விட்டுவிட்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று பயப்படாதீர்கள்.

இரவில்

நம் ஊர் வெயிலில் மெஷினுக்கு முதல் எதிரி வியர்வை. கடலோர ஊர் என்றால் காற்றே ஈரம். தினமும் கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். மோல்டின் ஓட்டையை வெளிச்சத்தில் பார்த்து, குரும்பி இருந்தால் ஓட்டை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்; மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே இறங்கும்.

பேட்டரியை எடுத்துவிட்டு, கதவு திறந்தபடியே மெஷினை சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான மூடி டப்பாவில் வையுங்கள். பேட்டரியை உள்ளே வைத்தால் அதுவும் காய்ந்து வீணாகும். ஜெல் மணிகள் ஈரம் குடித்ததும் நிறம் மாறும். ஆரஞ்சு பச்சையாகும், நீலம் இளஞ்சிவப்பாகும். மாறிவிட்டால் புது மணி போடுங்கள். அரிசிக்குள் புதைத்துவைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அரிசித் தூசி மைக் ஓட்டைக்குள் போகும். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், வெயிலில் நிற்கும் கார் எதுவும் ஆகாது.

குளிக்கும்போது கழற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது தேங்காய் எண்ணெயும் பவுடரும். எண்ணெய் தடவி, தலை வாரி, பவுடர் பூசி, கையைக் கழுவித் துடைத்த பிறகு கடைசியாக மெஷின். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை மோல்டு கழுவுவது

ஒரு கையில் கொக்கியையும் மறு கையில் ட்யூபின் முனையையும் பிடித்து, மெல்ல முறுக்கி இழுத்தால் மோல்டும் ட்யூபும் தனியே வரும். மெஷினைத் தள்ளி வையுங்கள், அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. மோல்டை வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட், டெட்டால் வேண்டாம்.

கழுவிய பிறகு ட்யூபை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு நீர்முத்து நின்றாலும் ஒலியை அடைத்துவிடும். ரப்பர் ஊதி வாங்கி ட்யூப் முனையில் வைத்து நாலைந்து தடவை அழுத்தினால் வெளியே வரும். இரவு முழுக்க உலரவிட்டு, காலையில் மோல்டின் மூக்கு சரியான திசை பார்க்கும்படி திரும்ப மாட்டுங்கள். ட்யூப் மஞ்சளாகி விறைத்துப் போனால் மாற்ற வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் அந்த நிலை வரும்.

மோல்டுக்குப் பதில் மெல்லிய வயரின் நுனியில் ஸ்பீக்கர் வைத்த வகை என்றால் அந்த வயரைத் தண்ணீரில் போடவே கூடாது.

காலையில் ஒரு சோதனை

ஆன் செய்து உள்ளங்கையில் வைத்து விரல்களால் பொத்துங்கள். கத்தினால் உயிரோடு இருக்கிறது. கத்தவில்லையா, புது பேட்டரி போட்டுப் பாருங்கள், பிறகு மோல்டில் அடைப்பு, ட்யூபில் ஈரம். மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் இல்லை என்றால் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் பிரிக்காதீர்கள்.

மெஷின் போடும் குழந்தைக்கு இன்னொன்றும் செய்யுங்கள். டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிச் சோதனை அது: ஆ, ஈ, ஊ, ஸ், ஷ், ம். குழந்தைக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாமல், சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்லலாம், அல்லது கேட்டதும் கையைத் தூக்கலாம். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சுக்குத் தேவையானது இந்த ஆறில் வந்துவிடும். நேற்றுவரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று பள்ளிக்கு அனுப்பும் முன்பே தெரிந்துவிடும்.

காதில் வலி, புண், சீழ் இருந்தால் மெஷினை மாட்டாமல் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மெஷினைச் சந்தேகப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

பழகும் வாரங்கள்

முதல் நாளே காலை முதல் இரவுவரை போட வேண்டாம். வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு பேசி ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு டிவி, பிறகு இரண்டு மூன்று பேர், கடைசியில் கடைத்தெருவும் கல்யாண வீடும். தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். மிக்ஸி, குக்கர் விசில், பாத்திரம் வைக்கும் ஓசை எல்லாம் எரிச்சலூட்டும். பல வருடம் கேட்காமல் இருந்த ஒலிகளை மூளை மறுபடி பிரித்தறியப் பழக வேண்டும், அதற்குச் சில வாரம், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

வீட்டில் உள்ளவர்களும் பழக வேண்டும். மெஷின் போட்டவரிடம் கத்திப் பேசாதீர்கள். பெரிதாக்கிய ஒலி சிதைந்துபோய் இன்னும் புரியாது. டிவியை நிறுத்திவிட்டு, எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு "மெஷின் போட்டும் கேக்கலையா" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அந்த ஒரு கேள்வியிலேயே மெஷினைக் கழற்றிவைத்தவர்கள் உண்டு.

எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிவாருங்கள். அடுத்த முறை போனபோது அப்பாவின் தாளில் மூன்றே வரிகள்: "தட்டு கழுவும் சத்தம் குத்துகிறது. பேத்தி பேசுவது புரியவில்லை. பஸ்ஸில் எல்லாம் கலந்து கேட்கிறது." ஆடியோலஜிஸ்ட் அதைப் படித்துப் பார்த்து, மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, கால் மணி நேரத்தில் மாற்றி அமைத்துக் கொடுத்தார்.