முதல் முறை ஓரியன்டியரிங் போகிறவர்களுக்கு: லேக் டிஸ்ட்ரிக்ட் மலையில் ஒரு இலையுதிர்கால ஞாயிறு

கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். மலையில் அங்கங்கே வைத்திருக்கும் ஆரஞ்சு வெள்ளைக் கொடிகளை வரிசை மாறாமல் கண்டுபிடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓடலாம், நடக்கலாம். ஓரியன்டியரிங் என்பது இவ்வளவுதான். பொதுமக்களுக்கான முதல் போட்டி நார்வேயில், ஆஸ்லோ பக்கம், 1897 அக்டோபர் 31 அன்று நடந்தது. அதுவும் இலையுதிர்காலம்தான். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ளூர் கிளப்புகள் நடத்தும் போட்டிக்கு முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்தப் பாதை?

பிரிட்டனில் போட்டிப் பாதைகளுக்கு நிறத்தின் பெயர்தான். வெள்ளை மிக எளிது, அடுத்து மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. இளம்பச்சையிலிருந்து கடினம். குழந்தைகளோடு போனால் மஞ்சள் எடுங்கள். மலைநடை பழக்கமுள்ள பெரியவர்களுக்கு ஆரஞ்சு சரியாக இருக்கும். இந்த நிறங்களுக்கும் வரைபடத்துக்குள் இருக்கும் நிறங்களுக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக வருகிற பலர் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

என்ன கொண்டு போவது?

கணுக்கால் வரை மூடும் பேன்ட், பிடிமானமுள்ள காலணி, மழைக்கோட்டு, விசில். கோடையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பெரணிச் செடிகள் அக்டோபரில் காய்ந்து, பழுப்பாகிச் சாய்ந்து கிடக்கும். அடியில் கல் இருப்பதே தெரியாது. உண்ணிகளும் அங்கேதான் இருக்கும். விசிலைப் பையில் போடாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் காலையிலேயே புறப்படுகிற மாதிரி நேரம் கேட்டு வாங்குங்கள்.

வரைபடத்தைப் படிப்பது

இதற்கு மட்டும் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. வெட்டவெளி என்று நினைத்துவிடாதீர்கள், அது மஞ்சள். பச்சை அடர்ந்தால் புதரும் அடர்த்தி. நீலம் தண்ணீர், கருப்பு பாறையும் சுவரும் பாதையும். ஊதாதான் உங்கள் வழி: முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் கொடிகள், இரட்டை வட்டம் முடிவு.

பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். மலையில் எல்லாமே இவற்றில்தான் இருக்கிறது. இடது கையை மூடிக் குத்துவதுபோல் வைத்து, பேனாவால் விரல் கணுக்களைச் சுற்றி ஒரே உயரத்தில் ஒரு வளையம், அதற்குக் கீழே இன்னொன்று என்று வரையுங்கள். பிறகு விரல்களை நீட்டிப் பாருங்கள். மேடு எங்கே, இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளம் எங்கே என்பது புரிந்துவிடும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். கோடு உச்சியை நோக்கி உள்ளே வளைந்தால் அது பள்ளம், கீழ்நோக்கிப் புடைத்தால் மலையின் நீட்சி.

தொடங்கும் இடத்தில்

விரலில் மாட்டிக்கொள்ள டிப்பர் என்ற சின்ன மின்னணுக் குச்சி தருவார்கள். அதிலிருக்கும் பழைய பதிவை அழிக்க ஒரு பெட்டி, அழிந்ததா என்று பார்க்க இன்னொன்று, பிறகு தொடக்கப் பெட்டி. ஒவ்வொன்றின் துளையிலும் செருகி, பீப் சத்தம் கேட்கும்வரை எடுக்காதீர்கள். கொடிகளிலும் இதேதான். ஆனால் அங்கே முதலில் பெட்டியின் எண், உங்கள் பாதையின் கொடிகளைப் பட்டியலிடும் தாளில் உள்ள எண்தானா என்று பாருங்கள். பக்கத்திலேயே வேறு பாதைக்காரர்களின் கொடியும் இருக்கும். முன்னால் ஓடுகிறவரைப் பின்தொடர வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

ஒவ்வொரு அடியிலும்

வரைபடத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்த வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. என் முதல் போட்டியில் எழுத்து நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, வலப் பள்ளத்தில் இறங்குவதற்குப் பதில் இடப் பள்ளத்தில் இறங்கிவிட்டேன். மூன்றாவது கொடிக்கு மட்டும் கூடுதலாக இருபத்தைந்து நிமிடம் போனது. அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் வரைபடத்தையும் திருப்புகிறேன். நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறேன். நீங்களும் முதல் நாளிலேயே இதைப் பழகிவிடுங்கள்.

அடுத்தது வழி தேர்வது. 1:10,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டர். கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நேராகப் போனால் 400 மீட்டர், ஆனால் 12 கோடுகள் ஏற வேண்டும், அதாவது 60 மீட்டர். சுற்றுப் பாதையில் 700 மீட்டர், ஏற்றம் 10 மீட்டர்தான். பத்து மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் 100 மீட்டராகக் கணக்கிடுங்கள்: நேர்வழி 1,000, சுற்றுவழி 800. சுற்றியே போங்கள், மூச்சும் மிஞ்சும்.

கொடியைத் தேடிக் கிளம்பாமல், அதற்கு முன்னால் தெளிவாகத் தெரியும் ஒன்றைத் தேடுங்கள். கல் சுவரின் மூலை, ஓடையைப் பாதை கடக்கும் இடம் இப்படி ஏதாவது. அதுவரை வேகமாகப் போகலாம். அங்கே நின்று, திசை பார்த்து, எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டு மெதுவாக நடங்கள். வழி தவறியது போலிருந்தால் மேலும் முன்னேறாமல், கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள்.

முடித்த பிறகு

பாதியில் விட்டாலும் டிப்பரின் பதிவை இறக்கும் மேசைக்குக் கட்டாயம் போங்கள். நீங்கள் வந்து சேர்ந்தது அங்கே பதிவாகாவிட்டால், மலையில் உங்களைத் தேடப் போவார்கள். கொடிக்குக் கொடி எடுத்த நேரம் அச்சடித்த சீட்டு தருவார்கள். தேநீர் குடித்துக்கொண்டே, உண்மையில் போன வழியை வரைபடத்தில் பேனாவால் வரைந்து, அதிக நேரம் எடுத்த கொடியின் பக்கத்தில் காரணத்தை எழுதி வையுங்கள்.