கோழிக்கறியை ஊறவைக்கும் முறை: உப்பு முதலில், மசாலா பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நின்று கோழி வாங்கி வந்து, கழுவி, மசாலா தடவி, அரை மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிச் செய்த வறுவலில் மேற்புறம் காரமும் மணமுமாக இருக்கும். எலும்பை ஒட்டிய சதையைப் பிய்த்து வாயில் போட்டால் சப்பென்றிருக்கும், சில நாள் நார் நாராகவும் இருக்கும். உடனே நாம் மசாலா போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் இன்னொரு கரண்டி மிளகாய்த்தூளைச் சேர்க்கிறோம். உண்மையில் குறை மசாலாவில் இல்லை. உப்பை எப்போது போடுகிறோம், அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நன்றாக ஊறிய ஒரு லெக் பீஸைச் சமைத்த பிறகு குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே செக்கச்செவேலென்று ஒரு மெல்லிய கோடு தெரியும்; அதன் கீழே எலும்பு வரைக்கும் வெள்ளைச் சதைதான். இரவு முழுவதும் ஊறியிருந்தாலும் அந்தக் கோடு சில மில்லிமீட்டரைத் தாண்டாது, ஏனென்றால் மிளகாயின் நிறமும் மஞ்சளின் நிறமும் கரம் மசாலாவின் மணமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை, கோழியின் சதையோ முக்கால் பங்கு தண்ணீர். உப்பு தண்ணீரில் கரைந்து மெல்ல மெல்ல உள்ளே போகும். அது சதையிலுள்ள புரதத்தைச் சற்றே தளர்த்தி, சூடு ஏறும்போது தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்கவும் செய்கிறது. ஆகவே உப்புக்கு ஒரு வேளை, மசாலாவுக்கு ஒரு வேளை என்று இரண்டாகப் பிரித்துச் செய்வதே நான் இங்கே சொல்லும் முறை. தந்தூரி அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரர்கள் முதலில் உப்பும் எலுமிச்சையும், பிறகு தயிர் மசாலா என்று இரண்டு முறை ஊறவைப்பதும் இதே கணக்கில்தான்.

தேவையானவை

பழகுவதற்கு எலும்போடு கூடிய லெக் பீஸே நல்லது, நெஞ்சுக்கறி சற்று அதிகம் வெந்தாலும் வறண்டுவிடும். தோல் உரித்த, தொடையும் காலும் சேர்ந்த முழுத் துண்டுகள் 1 கிலோ, அதாவது நான்கு அல்லது ஐந்து. தூள் உப்பு 12 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு டீஸ்பூன். மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். கெட்டித் தயிர் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், காரமான மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மல்லித்தூளும் கரம் மசாலாவும் ஒவ்வொரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், கடலை எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன்.

உப்பை மட்டும் கண்ணளவில் போடாமல், முடிந்தால் சிறிய மின்னணுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கல் உப்பு ஒரு டீஸ்பூனும் தூள் உப்பு ஒரு டீஸ்பூனும் ஒரே எடை அல்ல. கடையில் வாங்கும் இஞ்சி பூண்டு விழுதிலும் சிக்கன் 65 மசாலாத் தூளிலும் ஏற்கெனவே உப்பு இருப்பது வழக்கம். அவற்றைப் பயன்படுத்தினால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: கோழியை முதல் நாள் மாலையே வாங்குவது

இதைச் சமையல் குறிப்புகளில் பெரும்பாலும் சொல்வதில்லை. நம் ஊர்க் கடைகளில் கோழியைக் கண்ணெதிரே அறுத்துக் கொடுப்பதால், அதைவிடப் புதிய கறி வேறில்லை என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அறுத்த பின் கோழியின் தசை சில மணி நேரம் இறுகி விறைத்து நிற்கும். பிறகுதான் தானாகத் தளரும். பிராய்லர் கோழியில் இது பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த இறுக்கம் விடுவதற்குள் எட்டு மணிக்கு வாங்கியதைப் பத்து மணிக்குச் சமைத்தால், எவ்வளவு நல்ல மசாலா போட்டாலும் சதை ரப்பர் போல இழுக்கும். ஊறவைத்ததால் கறி மிருதுவானது என்று நாம் சொல்வதில் பாதி, அந்த நேரத்தில் கறி ஓய்வெடுத்ததால் வந்த பலன். சனிக்கிழமை மாலை வாங்கினால் இரண்டும் ஒன்றாக நடந்துவிடும். பெரிய துண்டுகளாக, எலும்போடு வாங்குவது இதற்கும் உதவும். சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டால் தசை சுருங்குவதற்கு இடம் கிடைத்து இன்னும் இறுகிப்போகும்.

இரண்டாம் படி: சுத்தம் செய்து ஈரத்தை ஒற்றுவது

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தொட்டியிலும் மேடையிலும் பரவும் என்பதே காரணம். ஆனால் மரக்கட்டையில் வெட்டிய கறியில் ரத்தமும் எலும்புச் சில்லும் ஒட்டியிருக்கும்போது கழுவாமல் சமைக்க நம் மனம் ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. அதனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, துண்டுகளை அதில் மெதுவாக அமிழ்த்தி எடுக்கிறேன்; பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். அருகில் காய்கறியோ நறுக்கிய வெங்காயமோ இருக்கக் கூடாது.

கழுவிய பின் வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து, காகிதத் துண்டாலோ இதற்கென்றே வைத்திருக்கும் சுத்தமான பருத்தித் துணியாலோ ஒவ்வொரு துண்டையும் ஒற்றியெடுங்கள். ஈரம் நின்றால் மசாலா வழுக்கிக்கொண்டு பாத்திரத்தின் அடிக்குப் போய்விடும். பிறகு கூர்மையான கத்தியால் தொடையில் மூன்றும் காலில் இரண்டுமாக, எலும்பைத் தொடும் ஆழத்துக்குக் கீறல் போடுங்கள். மசாலா சில மில்லிமீட்டர்தான் போகும் என்று பார்த்தோம் அல்லவா? ஒவ்வொரு கீறலும் புதிதாக இரண்டு பக்கங்களைத் திறந்துவிடுவதால், அதே மசாலாவுக்குப் பற்றிக்கொள்ள இடம் கூடுகிறது.

மூன்றாம் படி: உப்பும் மஞ்சளும்

12 கிராம் உப்பையும் மஞ்சள்தூளையும் கலந்து, துண்டுகளின் மேலும் கீறல்களுக்குள்ளும் விரலால் தேய்த்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து ஒருமுறை திறந்து பாருங்கள். சதையின் மேல் வியர்வை போல நீர் முத்து முத்தாகத் துளிர்த்திருக்கும். உப்பு தண்ணீரை இழுத்துவிட்டதே என்று பயந்து அதை வடித்துவிடாதீர்கள். அந்த நீரில் கரைந்துதான் உப்பு உள்ளே திரும்பிப் போகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் நீர் பெருமளவு வற்றி, சதை விரலில் லேசாக ஒட்டும். அந்த ஒட்டும் பதம் வந்துவிட்டால் மசாலா தடவலாம்.

நான்காம் படி: மசாலா

மிளகாய்த்தூள் இரண்டையும் முதலில் எண்ணெயில் குழைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். நிறமும் காரமும் எண்ணெயில் இறங்கி, நிறப்பொடி எதுவும் சேர்க்காமலே செம்மண் நிறத்தில் விழுது பளபளக்கும். அதன் பிறகு தயிர், இஞ்சி பூண்டு விழுது, மற்ற தூள்கள், தயிருக்காக ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். தயிர் நீர்த்திருந்தால் மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டு எடுத்துக்கொள்வது அவசியம். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு விழுது கெட்டியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் போட்டதும் நீர் விட்டு, கோழி வறுபடாமல் அவிந்துபோகும்.

புளிப்புக்குத் தயிரையே நம்பலாம். தயிரின் அமிலம் மென்மையானது. பல மணி நேரம் இருந்தாலும் சதையைக் கெடுக்காது. எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு கடுமையானது. அதை நிறையப் பிழிந்து இரவு முழுவதும் வைத்தால் சதையின் மேற்பகுதி வெளுத்து, சமைத்தபின் சுண்ணாம்பு போல வறண்டு உதிரும். ஆகையால் எலுமிச்சையைப் பரிமாறும்போது மேலே பிழிவதையே விரும்புகிறேன். சூடான கறியில் அதன் மணமும் அப்போதுதான் எழும்.

பப்பாளிக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அதிலுள்ள பப்பைன் என்னும் நொதி புரதத்தையே வெட்டிச் சிதைக்கக்கூடியது. சில ஆண்டுகளுக்கு முன், விருந்தினர் வருகிறார்கள் என்று இரண்டு கிலோ கோழியில் மூன்று கரண்டி பப்பாளிக்காய் விழுதைச் சேர்த்து இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் துண்டை எடுத்தபோது சதை எலும்பிலிருந்து மாவு போல வழிந்தது. அதைக் குழம்பாக்கிக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஆட்டுக்கறிக்கு வேண்டுமானால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், முக்கால் மணி நேரம் என்று அளவோடு சேர்க்கலாம். இளம் பிராய்லர் கோழிக்கு அது தேவையே இல்லை. அன்னாசிப்பழமும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: எவ்வளவு நேரம், எங்கே

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றில் எதுவும் சரி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் தயிரின் புளிப்போடு வினைபுரியும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மூடிய பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். கசிந்தாலும் மற்ற உணவின் மேல் சொட்டாது. எலும்போடு கூடிய முழுத் துண்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், எலும்பில்லாத சிறு துண்டுகளுக்கு இரண்டு மணி நேரம், நெஞ்சுக்கறிக்கு நான்கு மணி நேரம் போதுமானது. அதற்கு மேல் வைப்பதால் சுவை கூடுவதில்லை.

சமையலறை மேடையில் மூடிவைத்து ஊறவிடும் பழக்கத்தை, குறிப்பாகச் சித்திரை வைகாசி வெயிலில், தயவுசெய்து விட்டுவிடுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் பச்சைக் கறி வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தயிரும் மஞ்சளும் போட்டிருக்கிறோமே என்பது இதற்குப் பாதுகாப்பாகாது. மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இரவு முழுவதும் ஊறவைக்கும் திட்டத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் உறுதி வயதாலும் ஓடியாடித் திரிந்ததாலும் வந்த நார்த்திசுவின் உறுதி. அதைத் தயிரும் உப்பும் கரைக்காது. ஈரமான சூட்டில் நெடுநேரம் வேகவைத்தால்தான் கரையும். உப்பு ஊறினால் சுவை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் நாட்டுக்கோழியைக் குழம்பில் போடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

ஆறாம் படி: சமைப்பது

சமைப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் பாத்திரத்தை வெளியே எடுங்கள். தொங்கும் மசாலாவை விரலால் வழித்துவிட்டு, எண்ணெய் தடவிய கனமான இரும்புக் கல்லில் துண்டுகளை இடைவெளிவிட்டு வையுங்கள். மிதமான தீயில், மூடிபோட்டு, பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டி, மசாலா கருகாமல் சுண்டிப் பற்றும்வரை திருப்பித் திருப்பி வறுங்கள். பூண்டு சீக்கிரம் கருகிக் கசக்கும் என்பதால் முதலிலேயே தீயைக் கூட்டக் கூடாது.

வெந்துவிட்டதா என்பதைத் தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். இளம் பிராய்லரில் எலும்பு மச்சையின் நிறம் கசிந்து, வெந்த பிறகும் எலும்பையொட்டிச் சிவப்பாகத் தெரிவதுண்டு. அதனால் உணவு வெப்பமானி ஒன்று வைத்திருப்பது நிம்மதி: எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் குத்தும்போது 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்கிவிடலாம். இறக்கியவுடன் வெட்டாமல் ஐந்து நிமிடம் தட்டில் விட்டால் சாறு உள்ளேயே நிற்கும்.

பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவில் பச்சைக் கறியின் நீர் கலந்திருக்கும். அதை அப்படியே வெந்த துண்டுகளின் மேல் தடவாமல், வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஒரு தொக்கு கிடைக்கும். மறுநாள் சமைக்க முடியாது என்று தோன்றினால், மசாலா தடவிய துண்டுகளை அன்றே பைகளில் தட்டையாகப் பரப்பி உறைபெட்டியில் வைத்துவிடலாம். சமைப்பதற்கு முதல் நாள் இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால், உறைநிலை விடும் நேரத்திலேயே ஊறலும் முடிந்திருக்கும்.