வீடு விற்கும்போது தரகுத் தொகையைப் பேசி முடிப்பது எப்படி?

ஈரோட்டில், பெருந்துறை சாலைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டைச் சென்ற ஆண்டு விற்றோம். விலை பேசுவதைவிடத் தரகு பேசுவதில்தான் எனக்கு அதிக இழப்பு நேர்ந்தது என்பதால், முதன்முறையாக வீடு விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை உங்கள் கையில் தயாராக உள்ளன என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சதவீதத்தை ரூபாயாக மாற்றிப் பேசுங்கள்

நம் பக்கத்துத் தரகர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கேட்பது 2 சதவீதம். அது சட்டம் வகுத்த விகிதமன்று, வழக்கம் மட்டுமே. ஆகவே குறைத்துக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. வீடு 60 லட்சத்துக்குப் போனால் 2 சதவீதம் என்பது 1,20,000 ரூபாய், ஒன்றரை என்றால் 90,000, ஒன்று என்றால் 60,000. சதவீதமாகக் கேட்கும்போது அரை என்பது அற்பமாகத் தோன்றும். 30,000 ரூபாய் என்று சொல்லிப் பார்த்தால்தான் இரு தரப்புக்கும் அதன் எடை தெரியும். வாங்குபவரிடமும் தரகு பெறுகிறாரா என்பதையும், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரானால் 18 சதவீத வரி இந்தத் தொகைக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆடி மாதத்தில் கிரயம் செய்யப் பலரும் தயங்குவதால் தரகர்களுக்கு ஓய்வு கிடைக்கும்; நிதானமாக உட்கார்ந்து பேச அதுவே ஏற்ற காலம் என்பது என் கருத்து.

“உங்களுக்குக் கையில 58 லட்சமுங்க, மேல வர்றது எனக்கு” என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் உண்மையில் என்ன விலை தருகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். முழு விலையும் பத்திரத்தில் ஏறி உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த பின், மேல்தொகையை ரொக்கமாகத் தரச் சொன்னால் அதற்கான வருமான வரிக் கணக்கும் உங்கள் தலையில்தான் விழும்.

படி 2: எப்போது கொடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். தொகையைப் பேசி ஒன்றரை சதவீதத்துக்குக் கொண்டுவந்த நிறைவில், அதை எந்த நாளில் தருவது என்று நான் கேட்கவேயில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, “அதெல்லாம் பாத்துக்கலாமுங்க, நமக்குள்ள என்னங்க” என்று தரகர் சொன்னதை நான் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணம் என் கைக்கு வந்த அன்று மாலையே வீட்டு வாசலில் வந்து நின்று, பாதித் தரகு இப்போதே தருவதுதான் முறை என்றார். 45,000 ரூபாயைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் ஒப்பந்தம் முறிந்தது. முன்பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். தரகு எனக்குத் திரும்பவில்லை.

வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த வேலை முடியும்வரை முகவருக்கு (இங்கே தரகருக்கு) ஊதியம் சேராது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 219 கூறுகிறது. இதை நான் பின்னர்தான் அறிந்தேன். வேலை எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பதில்தான் தகராறு எழும் என்பதால், “கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அன்று முழுத்தொகை, அதற்கு முன் எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். தரகர் மறுத்தால், சிறு தொகையை முன்பணத்தின்போது தந்து, கிரயம் நடக்காவிட்டால் அது திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். அந்த நிபந்தனைக்கும் இணங்காத தரகரை விட்டுவிடுவதே நல்லது.

படி 3: எழுத்தில் வாங்குங்கள்

முத்திரைத்தாள் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்பி, “சரி” என்று பதில் பெற்றால் பேச்சுக்குச் சான்று இருக்கும். குரல்பதிவை நான் விரும்புவதில்லை, பின்னால் தேடி எடுப்பது கடினம். வீட்டின் முகவரி, தொகை அல்லது விகிதம், கொடுக்கும் நாள், ஒப்பந்தம் முறிந்தால் என்ன செய்வது ஆகிய நான்கும் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும்.

படி 4: வங்கி வழியாகக் கொடுங்கள்

தொகையைத் தரகரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, ரசீதும் பெறுங்கள். விற்பனைக்காகவே செலவிட்ட தரகை, வருமான வரிக்காக மூலதன ஆதாயத்தை (வீடு விற்றதில் கிடைத்த லாபத்தை) கணக்கிடும்போது கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சான்றின்றி நின்றால் அந்தச் சலுகையைக் கோருவது கடினம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர், ஒரே ஆளை இரண்டு தரகர்கள் அழைத்து வந்ததாகவும், கிரயத்தன்று இருவருமே முழுத் தரகு கேட்டதாகவும் எழுதியிருந்தார்கள். நான் கைக்கொண்ட வழி ஒரு நாற்பது பக்க நோட்டு. வீடு பார்க்க வருபவரின் பெயர், அழைத்து வந்த தரகர், தேதி, நேரம் ஆகியவற்றை அவர்கள் முன்னிலையிலேயே எழுதித் தரகரிடம் கையெழுத்து வாங்கினேன். முதலில் அழைத்து வந்தவருக்கே தரகு, இடையில் சேர்ந்தவர்களுக்கு அவரே பங்கு தர வேண்டும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு தரகரும் முதன்முறை வரும்போதே படித்துக் காட்டிவிடுங்கள்.