கொமடோர் சறுக்கிய இடங்கள்: கணினி வியாபாரம் தொடங்கும் தம்பிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது பொடியள் பலர் சொந்தப் பெயரில் கணினி வியாபாரம் தொடங்குகிறார்கள். பாகங்களைக் கொழும்பில் எடுத்து, இங்கே பூட்டி, பெட்டியில் தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள். சிலர் பலசரக்குக் கடைகளுக்கான பில் மென்பொருளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் காலத்துக் கடைக்காரர்கள் விட்ட பிழைகளையே இவர்களும் வரிசை தப்பாமல் விடுகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. கணக்கு எழுது, கண்டபடி கடன் கொடுக்காதே என்பதையெல்லாம் வீட்டில் அப்பாவே சொல்லியிருப்பார், அதை விடுவோம். எண்பதுகளில் வீட்டுக் கணினி விற்ற கொமடோர் கம்பனியின் கதையை வைத்து வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

கொமடோரைத் தொடங்கியவர் ஜாக் ட்ராமியேல். போலந்தில் பிறந்த யூதர், அவுஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்தவர். தட்டச்சு இயந்திரம் திருத்தும் வேலையில் ஆரம்பித்து, 1950களில் ரொறன்ரோவில் (இன்று எங்கள் சனம் நிறைந்திருக்கும் அதே ஊர்) கம்பனியைத் தொடங்கினார். 1977இல் பெட் என்ற கணினி, பிறகு பத்து லட்சம் விற்ற முதல் கணினியான விக்-20, 1982இல் கொமடோர் 64. இந்தக் கடைசி ஒன்று மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அப்படிப்பட்ட கம்பனி 1994 ஏப்ரலில் வங்குரோத்து.

போட்டிக்காரரிடமே சாமான் எடுப்பது

1970களில் கொமடோர் கல்குலேட்டர் விற்றது. உள்ளே இருந்த சில்லுகள் (சிப்) ரெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியுடையவை. ஒரு கட்டத்தில் ரெக்ஸாஸ் தானே கல்குலேட்டர் செய்து, கொமடோருக்கு அடக்கமாகும் விலையை விடக் குறைவாகச் சந்தையில் இறக்கியது. கொமடோர் மூழ்கும் நிலைக்கு வந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் ட்ராமியேல் 1976இல் மொஸ் ரெக்னோலொஜி என்ற சில்லுக் கம்பனியையே வாங்கினார். பிற்காலத்தில் கொமடோர் 64ஐ அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

நீங்கள் சில்லுக் கம்பனி வாங்க வேண்டாம். உங்களுக்கு மொத்த விலையில் தருபவர் யாழ்ப்பாணத்திலேயே சில்லறைக் கிளை திறக்கும் யோசனையில் இருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். இருக்கிறார் என்றால் இப்போதே இரண்டாவது ஆளைத் தேடி வையுங்கள்.

கடைக்காரரின் வயிற்றில் அடிப்பது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான்.

கொமடோர் 64 கடைக்கு வந்தபோது விலை 595 டொலர். 1983இல் ட்ராமியேல் ரெக்ஸாஸ் மேல் பழைய கணக்கைத் தீர்க்கிறமாதிரி விலைப் போரில் இறங்கினார். பழைய கணினியோ வீடியோ விளையாட்டுப் பெட்டியோ எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் 100 டொலர் கழிவு என்று அறிவித்தார். பிறகு விலை ஏறத்தாழ 200 டொலருக்கு இறங்கியது. அந்த வருடம் ஒக்டோபரில் ரெக்ஸாஸ் வீட்டுக் கணினி வியாபாரத்தை விட்டே போனது. எல்லோரும் இதை வெற்றி என்றுதான் எழுதுவார்கள். வெற்றிதான், ஆனால் அந்தச் செலவின் பெரும் பகுதி யார் தலையில் விழுந்தது? கணினி என்றால் என்ன என்று சனத்துக்குத் தெரியாத காலத்தில், மேசை போட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொல்லி, கொமடோரை விற்றுக் கொடுத்த சின்னக் கடைக்காரர்களின் தலையில். கம்பனி அதே பெட்டியைப் பெரிய மலிவு விலைக் கடைகளுக்கும் பொம்மைக் கடைகளுக்கும் கொடுத்தது. பழைய விலைக்கு எடுத்து வைத்திருந்தவரின் இருப்பு அப்படியே நட்டத்தில் கிடந்தது.

இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொழும்பில் இருந்து எங்களுக்கு மடிக்கணினி தந்த ஒரு விநியோகஸ்தர், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் காலம் வருகிறது, கூட எடுங்கள் என்று வற்புறுத்தி இறக்கிவிட்டுப் போனார். எல்லோரும் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துத்தான் எடுத்தோம். அந்தக் காசோலை வங்கிக்குப் போக முதலே ஒரு வாடிக்கையாளர் வந்து கைத்தொலைபேசியில் படம் காட்டினார். அதே மொடல், நகரத்தில் உள்ள பெரிய காட்சியறை ஒன்றில், எங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே. அவர் என்னைக் கொள்ளைக்காரனைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். விற்பனைப் பிரதிநிதிக்கு எடுத்துக் கேட்டால், “அண்ணை, இது மேல எடுத்த முடிவு, நான் என்ன செய்யிறது?” என்றார். வித்தியாசத்தைக் கழித்துத் தரச் சொன்னோம், தரவில்லை. வருடம் கழித்துப் புது மொடலோடு அதே பிரதிநிதி வந்தபோது எங்கள் வீதியில் ஒருவரும் எடுக்கவில்லை. “வச்சிட்டுப் போங்கோ, வித்தாக் காசு தாறம்” என்றுதான் எல்லாக் கடையிலும் பதில். அந்த மொடல் நல்ல மொடல் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொமடோருக்கும் இதுதான் நடந்தது, பெரிய அளவில். 1985 ஜூலையில் நியூயோர்க் லிங்கன் சென்ரரில் ஓவியர் அன்டி வார்ஹோலை மேடையேற்றி அமிகா என்ற புதுக் கணினியை அறிமுகப்படுத்தினார்கள். அன்றைய நிலையில் அதிசயமான இயந்திரம்: 4096 நிறங்கள், நாலு தடத்தில் ஒலி, ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் இயங்குதளம். வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் 95 கொண்டுவந்த வசதிக்குப் பத்து வருடம் முந்தியது. விலை 1295 டொலர், திரை தனி. இப்படி ஒன்றைப் பொம்மைக் கடைத் தட்டில் அடுக்கி விற்க முடியாது, பக்கத்தில் நின்று இயக்கிக் காட்ட ஆள் வேண்டும். அப்படிக் காட்டத் தெரிந்த கடைக்காரர்களில் பலர் 1983இல் கை சுட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கொமடோர் என்ற பெயரைக் கேட்டாலே பயம். விளம்பரமும் போதவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அமெரிக்காவில் அமிகா எழும்பாமல் போனதற்கு இந்தப் பழைய காயத்தை நான் முதலில் வைப்பேன்.

இதை இன்றைக்கு எழுத வைத்தது ஒரு தம்பி. கெட்டிக்காரன், அவன் செய்த பில் மென்பொருள் அருமை. சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று கடை கடையாக ஏறி, அங்குள்ள கணினிக் கடைக்காரர்களிடம் ஒரு விலை பேசி விற்கக் கொடுத்தான். பிறகு நல்லூர்த் திருவிழாச் சலுகை என்று அதை விடக் குறைந்த விலையைத் தானே பேஸ்புக்கில் போட்டான். கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, நான் மூன்று தரம் போய்ச் செய்து காட்டிய வாடிக்கையாளர் இப்போது நேரே அவனிடம் வாங்கிவிட்டார் என்றார். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஒண்லைனில விலை குறைஞ்சால்தானே அண்ணை வாங்குவினம்” என்கிறான். அடுத்த மென்பொருளை யார் கையில் கொடுப்பாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

விலையைக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டிவரும். 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 200இல் இருந்து 360 வரை போனதையும் பிறகு 300 பக்கம் இறங்கியதையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் குறைப்பதற்கு முதல் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். அவர் கையில் மீதமிருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வித்தியாசத்தை வரவு வையுங்கள், இதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். நீங்கள் நேரே விற்கும் விலை கடை விலையை விட ஒரு ரூபாயும் குறையக் கூடாது. அந்த வித்தியாசத்தைக் கொடுக்கக் காசில்லாவிட்டால் சலுகை போடாதீர்கள்.

பங்காளியோடு பேசாமல் விடுவது

பங்காளியோடு முதலே பேசி, அதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். கொமடோர் 64 உச்சத்தில் விற்றுக்கொண்டிருந்த 1984 ஜனவரியிலேயே, பணம் போட்ட தலைவர் ஏர்விங் கூல்டோடு முரண்பட்டு ட்ராமியேல் வெளியேறினார். அந்த வருடமே போட்டிக் கம்பனியான அட்டாரியின் கணினிப் பிரிவை வாங்கி எதிரே வந்து நின்றார்.

பழையதோடு பொருந்தாத புதியது

அதே 1984இல் கொமடோர் பிளஸ்/4 என்று ஒன்றை விட்டது. கொமடோர் 64இன் மென்பொருள் அதில் ஓடாது. விளையாட்டும் மென்பொருள் நாடாவும் சேர்த்து வைத்திருந்த சனம் அதை ஏன் வாங்கும்? அடுத்த வருடமே நிறுத்தினார்கள். உங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு பழைய பில் தரவைத் திறக்காவிட்டால் வெளியிடாதீர்கள். கடைக்காரரின் கடன் கொப்பி அதற்குள் இருக்கிறது.

மலிவுப் பதிப்பு

அடக்க விலையைக் கணக்குப் பார்த்த பிறகு ‘மலிவு’ என்று பெயர் வையுங்கள். 1992இல் வந்த அமிகா 600 மலிவுப் பதிப்பாகத்தான் திட்டமிடப்பட்டது. விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளை வெட்டியும், தான் மாற்றவேண்டிய அமிகா 500ஐ விட அதற்குக் கூடச் செலவானது.

உரிமம்

கொமடோரின் கடைசி நம்பிக்கை 1993இல் வந்த சிடி32 விளையாட்டுப் பெட்டி. காப்புரிமை வழக்கொன்றில் கட்ட வேண்டியதைக் கட்டாததால் அமெரிக்காவுக்குள் இறக்க முடியவில்லை. அங்கே விற்கவென்று செய்த பெட்டிகள் பிலிப்பைன்ஸில் தேங்கின. திருட்டு விண்டோஸ் ஏற்றி அலுவலகங்களுக்குக் கணினி கொடுக்கும் தம்பிமார் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

பழைய பெயரை வாங்கினால் போதும் என்பது

1995இல் கொமடோரின் பெயரையும் சொத்துகளையும் ஜேர்மனியின் எஸ்கொம் வாங்கியது. 1996இல் எஸ்கொமும் வங்குரோத்து.