டீனேஜ் பிள்ளைங்ககிட்ட பேசும்போது நம்ம சாமி நம்பிக்கைய எங்க வைக்கிறது

ஓபில புதுசா உக்கார்ற டாக்டர் தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். நானும் தினமும் விளக்கேத்தி கும்பிட்டுட்டு டியூட்டிக்கு வர்றவதான், நம்பிக்கைய விடச் சொல்லல, ஆனா பதினாறு வயசுப் புள்ள முன்னாடி அது வாயில வர்றதுக்கு முன்னாடி மூஞ்சில வந்துடும், அதப் பாத்ததும் அந்தப் புள்ள வாய மூடிக்கும்.

மொதல்ல அம்மாவ வெளிய உக்காரச் சொல்லுங்க. "இந்த வயசுல யார் வந்தாலும் அஞ்சு நிமிஷம் தனியா பேசுவேன்மா"ன்னா கோவிச்சுக்க மாட்டாங்க. அப்புறம் எது ரகசியமா இருக்கும், எது இருக்காதுன்னு கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. 18 வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைக்கு உடலுறவு நடந்திருக்குன்னு தெரிஞ்சா, புள்ளைங்கள பாலியல் குத்தங்கள்ல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டப்படி (2012) நாம போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். ஆனா விருப்பப்பட்ட உறவுல உண்டான கருவக் கலைக்க வர்ற பொண்ணும் அவ கார்டியனும் கேட்டுக்கிட்டா, அந்தத் தகவல்ல அவ பேர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லன்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, இது நெறய பேருக்குத் தெரியல.

கேள்விதான் முக்கியம். ஒரு தடவ பீரியட்ஸ் தள்ளிப்போச்சுன்னு வந்த பொண்ணுகிட்ட "தப்பா எதுவும் நடக்கலல்ல?"ன்னு கேட்டேன், இல்லன்னு தலையாட்டிட்டுப் போயிடுச்சு, மூணு வாரம் கழிச்சு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தம் கொட்டி வந்துச்சு. இல்லன்னு சொல்ல வச்சதே என் கேள்விதான், இன்னமும் மனசு ஆறல. "உனக்குப் புடிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேளுங்க, பையனா பொண்ணான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பையனுக்குப் பையன் புடிக்கும்னா ஜெபம், பரிகாரம்னு அனுப்பாதீங்க, வைத்தியத்தால மாத்தப் பாக்குறதயே மெட்ராஸ் ஹைகோர்ட் 2021ல தடை பண்ணிடுச்சு.

கருத்தடை, கருக்கலைப்புன்னு வந்தா மருத்துவத் தேவை இருக்கும்போது மதத்த மட்டும் காரணமா சொல்லி மறுக்கக் கூடாதுன்னு 2002 மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு. உங்களுக்கு அந்த வேலையே தெரியாதுன்னா அது வேற, தெரிஞ்சவங்ககிட்ட அன்னைக்கே அனுப்பி வைங்க. 18க்குக் கீழன்னா கருக்கலைப்புக்கு கார்டியன் கையெழுத்து வேணும், யார வரச் சொல்லலாம்னு அந்தப் புள்ளகிட்டயே கேளுங்க.

"நான் பாவம் பண்ணிட்டேனா டாக்டர்?"னு அதுவா கேட்டா பதில் சொல்லிடாதீங்க, "உனக்கு ஏன்மா அப்படித் தோணுது?"ன்னு கேட்டுட்டுப் பேச விடுங்க. சாகணும்னு ஒரு வார்த்தை வந்தாலும் தனியா விடாம அப்பவே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, 14416ங்கிற டெலிமானஸ் (அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன்) நம்பரையும் எழுதிக் குடுங்க.

கடைசியா அம்மாவக் கூப்பிடக் கதவத் தெறக்குறதுக்கு முன்னாடி, "அவங்ககிட்ட என்ன சொல்லட்டும், நீ சொல்றியா நான் சொல்லட்டுமா?"ன்னு கேட்டுக்கோங்க.