பிரேக் டிஸ்க்கும் பேடும் மாற்றும்போது மலைநாட்டில் நாம் விடும் தவறுகள்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். நான்கு பேர் ஏறினால் ஒரு சின்னக் காரின் எடை ஆயிரம் கிலோவை நெருங்கிவிடும். அந்தக் கார் ரம்பொடை வழியாக நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது விடுபடுகிற சக்தி, சாதாரண குழாய்த் தண்ணீர் 40 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி முன்சில்லுகளில் டிஸ்க் என்று சொல்கிற இரண்டு இரும்புத் தட்டுகளிலும், அவற்றை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற நான்கு பேட்களிலும் வெப்பமாகப் போய் இறங்குகிறது. கொழும்பில் ஓடும் காருக்கு ஒரு குறையாகத் தெரியாத வேலை, இங்கே ஆபத்தாக முடிவது இதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டனில் ஒரு கராஜில் என் காருக்குப் புது பேட் போட்டார்கள். டிஸ்க்கை யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே அம்மாவை டொக்டரிடம் காட்டுவதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்டோம். வட்டவளை தாண்டி, கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது கருகல் வாசம் வந்தது. பெடல் கட்டியாகத்தான் இருந்தது. ஆனால் மிதித்த அளவுக்கு வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, மெதுவாக ஊர்ந்து, ஒரு கடை வாசலில் ஓரங்கட்டினேன். அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் ஆற விட்டுத்தான் கிளம்பினோம். அதற்குப் பிறகு இந்த வேலையை நானே செய்யப் பழகினேன். கராஜில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

அளக்காமல் மாற்றுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சத்தம் வந்தால் பேட் மாற்றுவோம், வராவிட்டால் விட்டுவிடுவோம். பல பேட்களில் தேய்மானத்தைச் சொல்வதற்கென்றே ஒரு சிறு தகடு இருக்கும். பேட் தேய்ந்து போனதும் அது டிஸ்க்கில் உரசி 'கிறீச்' என்று கத்தும். அது இல்லாத பேட்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் முதல் சத்தமே இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தமாக இருக்கும். அதற்குள் டிஸ்க்கும் போயிருக்கும். பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். பயணத்தில் பாதி இறக்கமாக இருக்கிற நமக்கு அதற்குக் கீழே போவது சரிவராது.

சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்த்து "பேட் இன்னும் இருக்கு" என்று முடிவெடுப்பதும் போதாது. அப்படித் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். சின்னக் கார்களில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பேட்களைப் பிடித்திருக்கிற கவ்வியான கலிப்பர் இரண்டு இரும்புப் பின்களின் மேல் வழுக்கி மற்றப் பக்கத்தையும் இழுக்கும். அந்தப் பின் இறுகிப்போனால் உள்பக்கப் பேட் மட்டும் வேகமாகத் தேயும். வெளியே பாதி இருக்கும்போது உள்ளே தகடு தெரிந்த கார்களை நானே கண்டிருக்கிறேன். சில்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க்குக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். புது டிஸ்க்கின் தடிப்புக்கும் அந்த எல்லைக்கும் பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் அளவுதான் வித்தியாசம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவு அல்ல அது.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத இடம் தேயாமல் வரம்புபோல நிற்கும். வேணியர் இடுக்கிமானியை அப்படியே வைத்தால் அதன் அலகு அந்த வரம்பில் தட்டி, தேயாத தடிப்பையே காட்டும். இதற்கு ஒரு சுலபமான வழி: ஒரே மாதிரியான இரண்டு ஐந்து ரூபா நாணயங்களை எடுத்து, டிஸ்க்கின் தேய்ந்த பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து, நாணயங்களோடு சேர்த்து அளந்துவிடுங்கள். பிறகு நாணயங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்து அளந்து கழித்தால் சரியான தடிப்பு கிடைக்கும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாமல், சுற்றிவர ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதென்றால் இந்த அளவுகளில் வித்தியாசம் இருக்கலாம்.

கோடு விழுந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுப்பது நம்மூரில் வழக்கம். அது தவறில்லை. கடைந்த பிறகும் எல்லைக்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைந்து முடித்ததும் எல்லையைத் தொடுகிற டிஸ்க், அடுத்த பேட் தேய்வதற்குள் எல்லைக்குக் கீழே போய்விடும். தட்டு மெலிந்தால் வெப்பத்தைத் தாங்கும் அளவும் குறையும். அப்படியானால் புதிதாகவே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வாங்கிப் போடுவதும் கூடாது. இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காத கார், ஈரமான வளைவில் ஒரு பக்கமாக இழுக்கும்.

சரிவில் ஜக் வைப்பது

நம் வீடுகளில் சமதரை கிடைப்பது அபூர்வம். லயத்து வாசலிலோ வீதியோரத்துச் சரிவிலோ ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு ஜக்கைத் தூக்குகிறோம். ஜக் நேராக மேலே தூக்கத்தான் செய்யப்பட்டது, பக்கவாட்டில் வருகிற தள்ளுதலை அது தாங்காது. மழைக்குப் பிறகு இந்த மண் எவ்வளவு இளகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் தூரமானாலும் கொங்கிரீட் போட்ட சமதரைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். கோவில் முற்றமோ பெற்றோல் நிலையத்தின் ஓரமோ எதுவானாலும் கேட்டுப் பார்க்கலாம். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, தூக்கிய பிறகு வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். வீல் நட்டுகளைச் சில்லு தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

கழற்றிப் பூட்டும்போது

கலிப்பரைக் கழற்றியதும் அதை பிரேக் ஹோஸில் தொங்க விடக்கூடாது. உள்ளே இழை அறுந்தால் வெளியே தெரியாது. ஒரு கம்பியால் சில்லுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் சுருளில் கட்டிவிடுங்கள்.

பனியும் மழையும் மாறி மாறி வருகிற ஊர் என்பதால் பின்களில் துரு சீக்கிரம் ஏறும். இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற கிரீஸைப் பூசுங்கள். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் றப்பரை ஊதச் செய்யும், சூட்டில் உருகியும் ஓடும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில கார்களில் வேறு வேறு. எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்தால் குழப்பம் வராது. றப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

டிஸ்க் உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கிற துருவையும் நன்றாகச் சுரண்டி எடுங்கள். அங்கே ஒரு சிறு செதில் இருந்தாலும் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். புதுசு போட்டும் ஸ்டியரிங் நடுங்குவதாகச் சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பிரேக் கிளீனரால் முழுவதும் கழுவாமல் பூட்டினால் அந்த எண்ணெயைப் பேட் உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பேட் பிறகு சரிவராது. கழுவிய பிறகு கிரீஸ் கையால் தொடவும் கூடாது. பழைய தூசியைக் காற்றடித்துப் பறக்க விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் இருப்பார்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் டாங்கியில் மட்டம் உயரும். மூடியைத் திறந்து ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். ஒயில் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ ஒரு துளி சேர்த்தாலும் உள்ளேயிருக்கும் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற திரவமும்கூட. போத்தலில் டொட் 4 (DOT 4) என்று போட்டிருக்கும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்குகிறது. டொட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் குழாய்க்குள் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். எனக்கு நடந்தது வேறு: பெடல் கட்டியாக இருந்தது, பேட் பிடிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்பதால் கராஜில் சொல்லும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரவத்தை முழுவதும் மாற்றுவது நல்லது. பேட் மாற்றுகிற நாள் அதற்குப் பொருத்தமான நாள்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நன்றாகக் கட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிப்பில் பிரேக்கே இருக்காது. சரிவான வாசலில் இதை மறப்பவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

போட்ட அன்றே இறங்குவது

நான் செய்த தவறு இது. புது பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பேடின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடி வரும். விடியற்காலையில் வாகனம் குறைந்த நேரத்தில், கிரகரி ஏரியோரம் போன்ற மட்டமான வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். இப்படிப் பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆற விட்டுச் செய்யுங்கள். அப்புறம் சில நாட்கள் உள்ளூரில் ஓட்டிவிட்டுத்தான் எல்ல – வெல்லவாய இறக்கத்தையோ கினிகத்தேனையையோ நினைக்க வேண்டும்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று எங்கள் ஊர் லொறிக்காரர்கள் சொல்வார்கள். ஒட்டோமெட்டிக் என்றால் எல் (L) அல்லது பி (B) நிலைக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் உருட்டிப் பெற்றோல் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தக் காசைப் பேட் கடையில் கொடுக்கிறார்கள். சூடான சில்லில் பீலித் தண்ணீரை ஊற்றி ஆற்றுவதையும் நிறுத்த வேண்டும். காய்ந்த இரும்பில் திடீரென்று குளிர்நீர் பட்டால் டிஸ்க்கில் வெடிப்பு விழலாம், அது கோணலாம். ஓரமாக நிறுத்தி காற்றிலேயே ஆற விடுங்கள்.

முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். சின்ன ஜப்பான் கார்களில் அவற்றை இறுக்கும் அளவு பெரும்பாலும் 85 முதல் 105 நியூட்டன் மீற்றர். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். ஸ்பனரில் குழாய் மாட்டி ஏறி மிதித்து இறுக்கினால் டிஸ்க் கோணலாகும். அன்றே ஒரு இறக்கம் முடிந்ததும், முன்சில்லுகள் இரண்டின் அருகிலும் கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. மறுநாள் காலையில் அந்தச் சில்லைத் திரும்பக் கழற்றுங்கள்.