பீரில் வேண்டாத வாடைகள்: நடுவர்களுக்குக் கலப்பு மாதிரிப் பயிற்சி நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவோரின் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்து உருவாக்கும் பிஜேசிபி அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. அங்கே பயிற்சியில் வழக்கமாகக் கையாளும் முறை இது: குறையில்லாத பீரில் ஒரே ஒரு பழுதை அளவோடு சேர்த்து, அதை அடையாளம் காணப் பழக்குவது.

அடிப்படை பீராக மில்லர் லைட் போன்ற மணம் குறைந்த லாகர் வகை பீர் போதும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகை வேண்டாம், அந்த மணம் மற்றதையெல்லாம் மூடிவிடும்.

1. 355 மி.லி. பாட்டில்களை நன்றாகக் குளிரவையுங்கள். சூடான பீரில் எதைச் சேர்த்தாலும் பொங்கி வழியும்.

2. திறந்து, சேர்த்து, உடனே புது மூடி போட்டு அழுத்துங்கள். குலுக்காமல் இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துவிடும். திருகு மூடி பாட்டில்களில் புது மூடி சரியாகப் பிடிக்காது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

3. ஒரு பாட்டிலுக்கான அளவு:

வினிகர் புளிப்பு: 5% வெள்ளை வினிகர், முக்கால் டீஸ்பூன். மூக்கிலேயே குத்தும்.

லாக்டிக் புளிப்பு: 88% லாக்டிக் அமிலம், 1 மி.லி. வாடை இருக்காது, நாக்கில்தான் தெரியும். இதையும் வினிகரையும் அடுத்தடுத்துக் கொடுங்கள்; புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

சோள வாடை (டிஎம்எஸ்): டின்னில் வரும் இனிப்புச் சோளத்தின் நீர், ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள்.

வெண்ணெய் வாடை (டைஅசிட்டைல்): பேக்கரி வெண்ணெய் எசன்ஸ், 2 முதல் 4 துளி. லேபிளைப் படித்து வாங்குங்கள். டைஅசிட்டைல் இல்லாத எசன்ஸ்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றை வைத்துப் பழகினால் தவறான வாடைதான் மனதில் பதியும். எண்ணெய் கலந்த எசன்ஸ் நுரையையும் கொன்றுவிடும்.

வெயில் வாடை: எதையும் சேர்க்க வேண்டாம். பச்சை பாட்டில் லாகரைச் சில மணி நேரம் நேர் வெயிலில் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைத் தரும். மில்லர் ஹைலைஃப் தெளிந்த பாட்டிலில் வந்தாலும் இதற்கு உதவாது. ஒளியைத் தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாறு அதில் இருக்கிறது.

4. பரிமாறும்போது ஆளுக்கு 60 மி.லி., 8 முதல் 10 டிகிரி செல்சியஸ். பக்கத்தில் அதே பீர், கலக்காதது, கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் முகரட்டும், எழுதட்டும், பிறகு குடிக்கட்டும். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை பெயரைச் சொல்லாதீர்கள். ஒருவர் ‘வெண்ணெய்’ என்றதும் மேசை முழுக்க வெண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும்.

5. அடுத்த சுற்றில் அளவைப் பாதியாக்குங்கள். மூன்று கோப்பையில் இரண்டு சுத்தமான பீர், ஒன்று கலந்தது. வேறுபட்டதை எடுக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு வரும் பீரில் பழுது மெலிதாகத்தான் இருக்கும் என்பதால் உண்மையான பயிற்சி இந்தச் சுற்றுதான்.

சிலருக்கு டைஅசிட்டைல் எத்தனை முறை கொடுத்தாலும் பிடிபடாது. அது பிறவியிலேயே அமைந்ததாக இருக்கலாம். அவர் அதைத் தெரிந்துகொண்டு, போட்டியில் உடன் அமரும் நடுவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மதிப்பெண் தாளில் காரணத்தையும் எழுதப் பழக்குங்கள். வெண்ணெய் என்றால், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே பீர் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பாக்டீரியா புகுந்திருக்கலாம். சோளம் என்றால், காய்ச்சியவர் மூடி போட்டுக் கொதிக்கவைத்தாரா என்று கேளுங்கள்; ஆவியோடு வெளியேற வேண்டிய டிஎம்எஸ் உள்ளேயே தங்கியிருக்கலாம்.